கரையாத மாவு

அத்தியாயம் பதினொன்று

குச்சியின் ரிப்போர்ட் ரொட்டி அடுப்பில் எரிந்து சாம்பலாகி இன்றோடு ஒன்பது நாள்.

எரித்தது பெரியவன். குச்சிக்கு மூத்த அண்ணன், பேக்கரிக்கு முதலாளி. அந்தக் காகிதத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆறு வாரம் தினமும் நாலு துண்டு ரொட்டி தின்றாள். தின்றதில் பாதியைக் கக்கினாள். சோதனை முடியும்வரை ரொட்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் ஒளிந்துகொள்ளும் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு துண்டும் குடலை அறுக்கும் என்று தெரிந்தே விழுங்கினாள். கடைசியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலில் நாலைந்து இடத்தில் கிள்ளி எடுத்துப் பார்த்து, சீலியாக் என்று எழுதிக் கொடுத்தார்கள். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற பசை உள்ளே போனால், உடம்பு தன் குடலையே எதிரி என்று நினைத்து அரித்துத் தள்ளுகிற நோய். அதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் கோதுமையை விட வேண்டும். விரலில் ஒட்டிய பொடிகூட ஆகாது.

காகிதத்தின் அடியில் டாக்டரம்மா இன்னொரு வரியும் எழுதியிருந்தார். இது ரத்த வழியில் வருவது. கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரு தரம் ரத்தம் பார்த்துவிட வேண்டும்.

அந்த வரியைப் படித்த பிறகுதான் பெரியவன் அடுப்புக் கதவைத் திறந்தான். அப்பா காலத்திலிருந்து கோதுமையால் வயிறு வளர்த்த குடும்பம். பேக்கரிக்காரன் தங்கச்சிக்கு ரொட்டி விஷம் என்று வெளியே தெரிந்தால் கடையில் ஈ ஆடும் என்று கத்தினான். இது நோயில்லை, கொழுப்பு என்றான். காகிதம் சுருண்டு கருகும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தான்.

அன்றைக்கே சின்னவன் போய் ஒரு தோசைக்கல்லும் ஒரு கரண்டியும் மூடி போட்ட ஒரு ஜாடியும் வாங்கி வந்தான். சின்னவன் இரண்டாவது அண்ணன், டெலிவரி வண்டி ஓட்டுகிறவன். மாடி அடுக்களையில் தனியாக ஒரு பலகை அடித்து, ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, இது குச்சியுடையது, யாரும் தொடக் கூடாது என்றான். மறுநாளே பெரியவன் அந்தக் கல்லை ஜன்னல் வழியாக வீசினான். அது கீழே பால்காரர் சைக்கிளில் விழுந்து மணியை நசுக்கியது. சின்னவன் ஒரு புதுக் கல்லும் ஒரு புது மணியும் வாங்கி வந்தான்.

எட்டு நாள் குச்சி அரிசியையும் காயையும் மட்டும் தின்றாள். கீழே கேக் அறையில் மாஸ்க் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் சுட்டுவைத்த கேக்கின் மேல் பூ வைக்கிற வேலையை மட்டும் பார்த்தாள். ஐந்தாம் நாளிலிருந்து வயிறு என்று ஒன்று இருப்பதே மறந்து போயிற்று. இருபத்தாறு வயதில் முதல் தடவையாக விடிய விடியத் தூங்கினாள். கண்ணாடியில் கன்னம் தெரிந்தது. ஊரெல்லாம் குச்சி என்று கூப்பிடுவதற்குக் காரணமான உடம்பு, இனிமேல் அந்தப் பேரைப் பொய்யாக்கிவிடுமோ என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்குத் தன் ஜாடியிலிருந்து மாவெடுத்து வெந்நீர் விட்டுப் பிசைந்து, இரண்டு அரிசி ரொட்டி தட்டித் தின்றுவிட்டுக் கீழே போனாள்.

ஒன்பதே கால் மணிக்கு அது வந்தது.

மூன்றடுக்கு கேக் ஒன்றுக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றில் யாரோ கையை விட்டுத் திருகியது போல இருந்தது. கிரீம் பை கையிலிருந்து நழுவியது. கழுவும் தொட்டி வரை போக முடிந்தது, அவ்வளவுதான். மாஸ்க்கை இழுக்கிற அவகாசம்கூட இல்லாமல் கக்கினாள். மூக்கில் ஏறிற்று, கண்ணில் எரிந்தது. ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது. பித்தம் வந்தது. பிறகு வெறும் உமட்டல், பசுங்கன்று கத்துவது போன்ற ஒரு சத்தம். அது தன் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்று உறைக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்து மேஜையிலிருந்த கேக்கின் மேலடுக்கு அவள் முழங்கை பட்டுச் சரிந்து அவள் மடியிலேயே விழுந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். நேற்று ராத்திரி சாப்பிட்டது சாதம். இன்று காலை அரிசி ரொட்டி. வேறு எதுவும் வாயில் போகவில்லை.

அந்த ரொட்டி இன்றைக்கு ஏன் விரிசல் விடவில்லை? தட்டும்போது ஓரம் பிளக்கவே இல்லையே. அரிசி மாவு பிளக்கும். தூக்கக் கலக்கத்தில், இன்று கை நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

சுவரைப் பிடித்து எழுந்து, நாலு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து உட்கார்ந்து மாடி ஏறினாள்.

ஜாடியிலிருந்து இரண்டு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். உருண்டை உடையாமல் நின்றது. அதைச் சல்லடைக்கு மேலே கைக்குள் பொத்தி, குழாயை நூல் போலத் திறந்துவிட்டு, பிசைந்து பிசைந்து கழுவினாள். புது மூட்டை வந்தால் பெரியவன் இப்படித்தான் சோதிப்பான். மாவைக் கழுவினால் மாப்பொருள் பாலாகப் போய்விடும், பசை மட்டும் கையில் நிற்கும். எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு நல்ல கோதுமை. பத்து வயதில் அவளைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். அரிசி மாவாக இருந்தால் ஒன்றும் நிற்காது. மொத்தமும் ஓடிவிடும்.

தண்ணீர் வெள்ளையாக ஓடியது. கலங்கி ஓடியது. தெளிந்தது. சல்லடையிலும் விரலிடுக்கிலும் பழுப்பாகத் துணுக்கு துணுக்காய் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் வழித்து உருட்டினாள். சுண்டுவிரல் நுனியளவு வந்தது. இழுத்துப் பார்த்தாள். ரப்பர் போல நீண்டு, விட்டதும் சுருங்கியது.

நிமிர்ந்தபோது அடுக்களை வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். பெரியவனின் மனைவி. எத்தனை நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. இடது கண்ணுக்குக் கீழே நேற்று இல்லாத ஒரு வீக்கம் இருந்தது.

குச்சி அந்த வீக்கத்தைப் பார்த்தாள். வழக்கம்போல் பார்வையை நகர்த்திக்கொண்டாள். அந்த வீட்டுச் சுவர்கள் மெலிசு. பெரியவனின் அறையில் கை ஓங்கினால் சின்னவன் ரேடியோவைக் கூட்டுவான், குச்சி குழாயைத் திறந்துவிடுவாள். காலையில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அண்ணி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பதினொரு வருஷத்துப் பழக்கம்.

"யாரோ கோதுமையைக் கலந்திருக்காங்க அண்ணி," என்று மட்டும் சொன்னாள்.

அண்ணி அந்தப் பசைத் துணுக்கையே பார்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் குச்சிக்கு மறுபடியும் குடல் புரட்டியது.

பத்து மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு மேலே வந்த சின்னவன் தங்கை கழிவறை வாசலில் சுருண்டு கிடப்பதைத்தான் பார்த்தான். முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. தலைமயிரில் கிரீம். என்ன ஏது என்று கேட்டான். அவள் வாயால் சொல்லத் தெம்பில்லாமல் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். அவனும் பேக்கரியில் பிறந்து வளர்ந்தவன்தானே. விரலால் ஒரு தரம் இழுத்துப் பார்த்தான், புரிந்துவிட்டது.

"எதுல இருந்து வந்துச்சு?"

"என் ஜாடில இருந்து."

அவன் அதை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு படியிறங்கினான். வேண்டாம் சின்னண்ணா என்று அவள் சொன்னது அவன் முதுகில் போய் மோதியது.

கீழே காலை ரொட்டி முடிந்து ஆட்கள் எல்லோரும் போயிருந்தார்கள். பெரியவன் மட்டும் தனியாக மத்தியான பன்னுக்குத் தட்டு மாற்றிக்கொண்டிருந்தான். மூலையில் மாவு பிசையும் மெஷின் கடகடவென்று ஓடியது. சின்னவன் நேராகப் போய் மேஜை மேல் அந்தத் துணுக்கை வைத்தான்.

"இது என்னன்னு சொல்லு."

பெரியவன் எட்டிப் பார்த்தான். "பசை. நல்ல மாவு. எங்கே கழுவினே?"

"அவ ஜாடில இருந்த அரிசி மாவு. நீ கலந்த மாவு."

குச்சி அதற்குள் கைப்பிடியைப் பிடித்தபடி கடைசிப் படிக்கு வந்துவிட்டாள். பெரியவன் தம்பியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு சிரித்தான். சிரிப்பு என்றால் பல் மட்டும்தான்.

"திருட்டுத்தனமா கலக்கறதெல்லாம் என் வேலை இல்லடா. எனக்கு வேணும்னா நேரா ஊட்டுவேன். பாக்கறியா?"

தட்டிலிருந்து ஒரு பன்னைப் பிய்த்தான். அவள் பின்வாங்குவதற்குள் இரண்டே எட்டில் வந்து அவள் தாடையைப் பிடித்துவிட்டான். இருபத்தைந்து வருஷம் மாவு பிசைந்த கை அது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இரண்டு கன்னத்திலும் குத்தி இறங்க, வாய் தானாகத் திறந்துகொண்டது. சுடச்சுடப் பன்னை உள்ளே திணித்தான். அண்ணத்தில் சூடு பிடித்தது. மூச்சு அடைத்தது. அவன் மறுபடியும் திணித்தான். அவள் தலை பின்னால் சுவரில் மோதியது. "தின்னு. செத்தா பாக்கலாம். தின்னு."

இரும்புத் தட்டு ஒன்று காற்றில் வந்து பெரியவனின் காதோரம் அறைந்தது.

அவன் தாடையை விட்டான். காதிலிருந்து ரத்தம் சொட்டியது. சின்னவன் இன்னும் தட்டைப் பிடித்தபடியே நின்றான். பிறந்ததிலிருந்து அண்ணனை அவன் கைநீட்டி அடித்தது இதுதான் முதல் தடவை. அது பெரியவனுக்கும் தெரியும். ஒரு கணம் இருவருமே அந்தத் தட்டைத்தான் பார்த்தார்கள்.

பிறகு பெரியவன் பாய்ந்தான்.

முதல் குத்து வயிற்றில். சின்னவன் மடங்கினான். மடங்கிய தலையை மயிரைப் பிடித்துத் தூக்கி இரண்டாவது குத்து வாயில். உதடு கிழிந்து மாவு மேஜையெல்லாம் சிவப்பாகத் தெறித்தது. சின்னவன் கண்மூடித்தனமாகக் கையை வீசினான். ஒன்று பெரியவனின் மூக்கில் பட்டது. அதற்குப் பதிலாக அவனை அப்படியே தள்ளிக்கொண்டு போய் அடுப்புக் கதவில் சாய்த்தான் பெரியவன். முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. காய்ந்த இரும்பில் சதை பட்டதும் 'சுர்'ரென்றது. சின்னவன் அலறிய அலறலில் முன்பக்கம் ரொட்டி வாங்க வந்தவர் காசைக்கூட எடுக்காமல் ஓடிப் போனார்.

பெரியவன் விடவில்லை. அந்தக் கையை அங்கேயே அழுத்திப் பிடித்து, ஒன்று இரண்டு என்று எண்ணுகிறவன் போல நிதானமாக நின்றான். பிறகு இழுத்து மேஜை மேல் மல்லாத்தி, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தான். மாவு மேகம் போலக் கிளம்பியது. அந்த மேகத்துக்குள் சின்னவனின் கால் இரண்டும் உதைத்துக்கொண்டிருந்தன. முகம் சிவந்து, கறுத்து, கண் பிதுங்கியது. உதைக்கிற கால் மெதுவாகிக்கொண்டே வந்தது.

குச்சி வாயிலிருந்ததைத் தரையில் துப்பினாள். விரலை விட்டு மிச்சத்தையும் தோண்டி எறிந்தாள். சுவரில் பெரிய உருளைக்கட்டை ஒன்று தொங்கியது, பிஸ்கட் மாவு தேய்ப்பது, இரண்டு கையால் தூக்க வேண்டியது. அதை எப்படி எடுத்தாள் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சின்னவனின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த அந்த வலது முன்கை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. ஓங்கி இறக்கினாள்.

காய்ந்த சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது.

பெரியவனின் பிடி விட்டுப் போனது. வலியைவிட ஆச்சரியம்தான் அவன் முகத்தில் இருந்தது. முன்கை நடுவில், வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. இரண்டாவது அடி தேவையில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் அடித்தாள், தோளில். மூன்றாவது, அவன் முழங்காலிட்டுச் சரிந்த பிறகு, முதுகில். நாலாவதற்கு ஓங்கியபோது கட்டையை யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

மேஜையிலிருந்து உருண்டு விழுந்த சின்னவன். பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

படியின் அடியில் அண்ணி நின்றாள். ஓடி வரவில்லை, அழவில்லை. மூலைக்குப் போய், இத்தனை நேரமும் கடகடத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். அடுப்பையும் அணைத்தாள். அதன் பிறகுதான் போனை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் சின்னவனை ஒரு திரைக்குப் பின்னாலும் பெரியவனை இன்னொரு திரைக்குப் பின்னாலும் போட்டார்கள். சின்னவனுக்கு முன்கைத் தோல் உரிந்துவிட்டிருந்தது. கழுத்தில் பத்து விரலும் பதிந்திருந்தன. குச்சிக்கு ஒரு பாட்டில் ஏற்றினார்கள். ஊசி குத்திய கையோடு, பாட்டிலைத் தொங்கவிட்ட கம்பியைத் தள்ளிக்கொண்டே அவள் இரண்டு திரைக்கும் நடுவில் நின்றாள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிவிட்டு, என்ன வண்டி மோதியது என்று பெரியவனைக் கேட்டார்.

"வண்டியெல்லாம் இல்ல. என் தங்கச்சி அடிச்சா," என்றான் பெரியவன். அடிப்பான், உடைப்பான், ஆனால் பொய் மட்டும் அவன் வாயில் வராது.

டாக்டர் குச்சியின் மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடியும் எக்ஸ்ரேயைப் பார்த்தார். கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, தோள்பட்டை எலும்பும் போயிருந்தது. இந்த அடிக்கு இந்த எலும்பு இப்படிப் போகக் கூடாது, நாற்பத்தொரு வயது ஆளுக்கு எழுபது வயது எலும்பு இருக்கிறது என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்; உள்ளே ஏழெட்டுப் புண். எத்தனை வருஷமாக என்று கேட்டார். எப்பவும் இருப்பதுதான் என்றான் பெரியவன். ரத்தமும் குறைவாக இருந்தது. வயிறு எப்படி என்று கேட்டார். அவனுடைய சட்டைப் பையிலிருந்து செரிமான மாத்திரை அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

 குச்சி தன் நோயின் பேரைச் சொன்னாள். டாக்டர் சட்டென்று திரும்பினார். கூடப் பிறந்தவரா என்று கேட்டார். அந்த நோய் சத்தை உடம்பில் சேர விடாமல் எலும்பையும் ரத்தத்தையும் கெடுக்கும் என்று சொல்லிவிட்டு, அப்போதே ஒரு சீட்டில் ரத்தப் பரிசோதனை எழுதி நர்ஸிடம் கொடுத்தார்.

நர்ஸ் ஊசியோடு கிட்டே போனதும் பெரியவன் தட்டைக் காலால் எட்டி உதைத்தான். குழாய்கள் சிதறி உருண்டன. கிட்டே வந்தால் கையை முறித்துவிடுவேன் என்றான்.

"எந்தக் கையால?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் குனிந்து குழாய்களைப் பொறுக்கினாள்.

குச்சி அவளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள், அவனுடைய நல்ல கை எட்டாத தூரத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"அப்பா போகும்போது அவருக்கு நாப்பத்தொன்பது வயசு," என்றாள். "வயிறுன்னு சொன்னாங்க. வயித்துல என்னன்னு யாருமே கேக்கல. அவருக்கும் வாயெல்லாம் புண்ணு இருக்கும், பன்னைத் தண்ணில நனைச்சுத்தான் தின்பாரு. உனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும், நீதானே கடைசி வரைக்கும் ஊட்டினே."



"கடைசி வரைக்கும் ரொட்டிதான் ஊட்டினேன்," என்றான், யாரிடமோ சொல்வது போல.

  இவன் தன் அண்ணன் என்ற பாசமும் சின்னவனின் கழுத்தை நெரித்தவன் என்ற வெறுப்பும் அவளுக்குள் ஒன்றையொன்று குத்திக்கொண்டு நின்றன. பெரியவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இடது கையை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டினான். "அதுல ஒண்ணும் இருக்காது," என்றான். நர்ஸ் வந்து எடுத்துக்கொண்டு போனாள். முடிவு வர மூன்று நாளாகுமாம்.

வெளியே நடைபாதைப் பெஞ்சில் அண்ணி தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, கைப்பை மேல் கை. குச்சி கம்பியைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே நடந்ததைச் சொன்னாள். அண்ணனுக்கும் இதே நோய் இருக்கலாம் என்றாள். அண்ணி தலையாட்டினாள். பிறகு, இன்று வெயில் அதிகம் என்கிற குரலில் சொன்னாள்:

"ஜாடில கலந்தது நான்தான்."

குச்சிக்குக் காதில் விழுந்தது; உள்ளே இறங்கவில்லை. அண்ணியே தொடர்ந்தாள். நேற்று ராத்திரி, முகத்தைக் கழுவப் போனபோது கலந்தாள். இரண்டு கைப்பிடி. இரண்டு நாள் படுப்பாய் என்று தெரியும், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதாக நீயே சொல்லியிருந்தாய், அதை நம்பித்தான் செய்தேன் என்றாள்.

"ஏன் அண்ணி?"

"பதினொரு வருஷமா எனக்காக ஒருத்தரும் கேக்கல. தம்பி ரேடியோவைக் கூட்டுவாரு. நீ குழாயைத் திறப்பே. உனக்கு ஒண்ணுன்னா தம்பி பொறுக்க மாட்டாருன்னு தெரியும். உன் தோசைக்கல்லை வீசினதுக்கே அவரு ராத்திரியெல்லாம் தூங்கல." கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். "யாராவது ஒரே ஒரு தடவை உன் பெரியண்ணனைத் திருப்பி அடிக்கணும். அதைப் பாக்கணும்னு இருந்துச்சு. இவ்வளவு ஆகும்னு நினைக்கல."

காலையிலிருந்து பட்டதெல்லாம் ஒன்றாகத் திரண்டு குச்சியின் கையில் வந்து நின்றது. தொட்டியில் கக்கிய கக்கல், சின்னவனின் வெந்த கை, முறிந்த எலும்பின் சத்தம். எழுந்தாள். ஊசி செருகிய கை என்பதைக்கூட மறந்து ஓங்கினாள்.

அண்ணி விலகவில்லை. சாவகாசமாக இரண்டு கையையும் உயர்த்தி, இடது காதுத் தோட்டின் திருகைக் கழற்றி, தோட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பிறகு அந்தக் கன்னத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடி விழுந்தால் தோடு காதைக் கிழிக்கும். அதற்காக. பல் தேய்ப்பது போல, விளக்கு அணைப்பது போல, அத்தனை பழகிய கை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு தானாக இறங்கியது. குழாயில் ரத்தம் ஏறிப் பாட்டில் பக்கம் சிவந்துகொண்டிருந்தது. குச்சி அதைப் பார்த்தபடி மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.   இவள் செய்தது மன்னிக்கிற காரியமில்லை. குழாயைத் திறந்துவிட்டுத் தான் செய்ததும் அப்படித்தான்.

அடிதடி என்றால் ஆஸ்பத்திரியில் தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டிருந்தார்கள். நடைபாதைக் கோடியிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். நடுவயசு, கையில் நோட்டுப் புத்தகம். பேக்கரிக்காரர் வீட்டு ஆட்கள் நீங்கள்தானே என்று கேட்டார். எலும்பு முறிவு ஒருவருக்கு, தீக்காயம் ஒருவருக்கு, விஷயம் சின்னதில்லை என்றார். பேனாவைத் திறந்தார்.

"யாரு முதல்ல ஆரம்பிச்சது?"

அண்ணி வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று குச்சிக்குத் தெரிந்துவிட்டது.

"பதினொரு வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது சார்," என்றாள் குச்சி, முந்திக்கொண்டு. "நானே சொல்றேன். உக்காந்து எழுதுங்க, நேரமாகும்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணியின் கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து புதுப் பக்கத்தைத் திருப்பினார். இன்றைக்குக் காலை நடந்ததும் வேண்டுமே என்றார்.

"அதுக்கும் வரேன்," என்றாள். அந்த ஜாடிக்கு வரும்போது என்ன சொல்வாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து பெரியவன் கூப்பிட்டான். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவனுக்கில்லை. "ஏய்" என்பான், அவ்வளவுதான். மாடியில் இருந்தாலும் கொல்லையில் இருந்தாலும் அண்ணி போட்டது போட்டபடி ஓடுவாள்.

"ஏய்."

அண்ணி எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் தடவை இன்னும் உரக்கக் கேட்டது. போலீஸ்காரர் பேனாவை நிறுத்திவிட்டு, உங்களைத்தான் கூப்பிடுகிறார்போல என்று அவளிடம் சொன்னார்.

"காதுல விழுது சார்," என்றாள் அண்ணி. "நீங்க எழுதுங்க."